மொரிஸ் மைனர் 1000: புது லைனிங் போட்டதும் வீல் சிலிண்டர் ஒழுகுது. றப்பர் மட்டும் மாத்தினால் போதுமா?

சுன்னாகம்_மைனர்:

வணக்கம் அண்ணைமார். கார் 1965 மொரிஸ் மைனர் 1000, 1098 சிசி. நாலு சில்லும் ட்ரம் பிறேக், எல்லாம் கொம்பனி காலத்து அமைப்புத்தான், எதுவும் மாத்தி வைக்கேல்லை.

போன மாதம் நாலு சில்லுக்கும் லைனிங் புதுசாய் ஒட்டிப் பூட்டினது. அதுக்கு முதல் ஒரு சொட்டு ஒழுக்கும் இல்லை. இப்ப முன் இடது சில்லின் உள்பக்கம் ரயர் சுவரில ஈரம் தெரியுது. பின் வலதில ட்ரம்முக்குக் கீழ கறுப்பாய் வடிஞ்சு நிக்குது. பெடல் முதல் மிதியில அரைவாசிக்கு மேல உள்ள போகுது, ரெண்டாம் மிதியில கொஞ்சம் ஏறுது. பிறேக் பிடிக்கேக்க கார் வலப்பக்கம் இழுக்குது.

நான் கேக்கிறது இதுதான். லைனிங் ஒட்டின சூவைத் தள்ளுற வீல் சிலிண்டரைக் கழட்டாமல், அதுக்குள்ள ஒயிலை அடைச்சு நிக்கிற கப் றப்பரை மட்டும் மாத்தினால் நிக்குமா, இல்லை முழுச் சிலிண்டரும் எடுக்க வேணுமா? ஒயில் பட்ட லைனிங் ஒட்டி ஒரு மாதம்தான், அதைப் பெற்றோலில கழுவிப் போடலாமா? லைனிங் மாத்தினதுக்கும் இந்த ஒழுக்குக்கும் தொடர்பு இருக்கா?

—

அச்சுவேலி_பட்டறை:

தம்பி, முதலில காரை றோட்டில ஓட்டிறதை நிப்பாட்டுங்கோ. மைனரில பிறேக் லைன் ஒண்டே ஒண்டுதான். இந்தக் காலத்துக் கார் மாதிரி முன்னுக்கு ஒண்டு பின்னுக்கு ஒண்டு எண்டு பிரிச்சு வைக்கேல்லை. ஒரு சிலிண்டரில கப் பிரண்டால் நாலு சில்லும் ஒரே மிதியில போயிடும். மிச்சம் ஹாண்ட் பிறேக் மட்டும்தான்.

ஒழுக்குக்கும் லைனிங்குக்கும் நேரடித் தொடர்பு இருக்கு. மைனரின் லொக்ஹீட் பிறேக்கில லைனிங் தேயத் தேய, சூவின் நுனியில இருக்கிற மைக்ராம் எண்ட அட்ஜஸ்டரைத் திருப்பி லைனிங்குக்கும் ட்ரம்முக்கும் இடையில வாற இடைவெளியை எடுக்க வேணும். அப்படிச் செய்தால் பிஸ்டன் எப்பவும் சிலிண்டருக்குள்ள ஏறக்குறைய ஒரே இடத்தில நிக்கும். கனபேரின் காரில அந்த அட்ஜஸ்டர் கறள் பிடிச்சு இறுகிப் போயிருக்கும், ஒருத்தரும் தொடுறதில்லை. அப்ப லைனிங் தேய்ஞ்ச அளவுக்குப் பிஸ்டன் வெளிய வெளிய வந்து, கப்பின் விளிம்பு சிலிண்டரின் வாய்ப்பக்கத்தில ஓடும். உள்பக்கம் வருசக்கணக்காய் கப் படாமல் கிடந்து, பிறேக் ஒயில் இழுத்த ஈரத்தால கறள் குழி விழும். புது லைனிங் தடிப்பாய் வந்ததும் பிஸ்டனைத் திரும்ப உள்ள தள்ளினீங்கள். கப் இப்ப அந்தக் குழிக்கு மேல ஓடுது. அதுதான் ஒழுக்கு. லைனிங் வேலை செய்தவர் பிழை விட்டார் எண்டு இல்லை. ட்ரம் கழட்டின நேரமே சிலிண்டரையும் திறந்து பாத்திருக்க வேணும், அவ்வளவுதான்.

ஆனபடியால் றப்பரை மட்டும் மாத்தினால் புது றப்பரும் அதே குழியில ஓடும். சில கிழமைக்கு நிக்கும், பிறகு திரும்ப ஈரம்.

பின் வலதைப் பற்றி ஒரு விசயம். அது பிறேக் ஒயிலோ கியர் ஒயிலோ எண்டு முதலில பாருங்கோ. விரலில தொட்டு, ஒரு கிண்ணம் தண்ணியில விடுங்கோ. பிறேக் ஒயில் தண்ணியோட கலந்திடும், கையில மெல்லிசாய் வழுக்கும், பெயின்ற் பட்ட இடத்தில பெயின்ற் சுருங்கி உரியும். கியர் ஒயில் தண்ணிக்கு மேல மிதக்கும், தடிப்பாய் இருக்கும், கந்தக மணம் அடிக்கும். கியர் ஒயில் எண்டால் சிலிண்டர் மாத்தி ஒரு பயனும் இல்லை. ஆக்சில் சாவ்ற்றின் விளிம்புக்குப் பின்னால இருக்கிற கடதாசிப் பாக்கிங், ஹப்பின் ஒயில் சீல், இந்த ரெண்டையும் பாக்க வேணும்.

முன் இடதிலயும் சிலிண்டர்தான் எண்டு உடன முடிவெடுக்காதேங்கோ. ஹோஸ் சிலிண்டருக்குள்ள ஏறுற இடத்தில ஒரு செப்பு வோசர் இருக்கு. பழைய வோசரையே திரும்பப் போட்டிருந்தால் அதால கசியும். முன் சில்லில மேலும் கீழும் ரெண்டு சிலிண்டர், ரெண்டையும் இணைக்கிற சின்னப் பைப், சூவும் சிலிண்டரும் பூட்டியிருக்கிற பக் பிளேட்டுக்குப் பின்னால ஓடுது. அதின் யூனியன் நட்டிலயும் கசியலாம். ட்ரம்மைக் கழட்டி, பிஸ்டன் வாயில இருக்கிற தூசி றப்பரின் விளிம்பை மெல்ல மடிச்சுப் பாருங்கோ. உள்ள ஒயில் தேங்கி நிண்டால் குற்றவாளி சிலிண்டர்தான். உள்ள காஞ்சிருந்து பின்பக்கம் ஈரம் எண்டால் வோசர் அல்லது யூனியன்.

ஒயில் ஊறின லைனிங் போனதுதான். பெற்றோலில கழுவினாலும் நெருப்பில வாட்டினாலும் மேற்பரப்பு மட்டும் காயும். ட்ரம் சூடேற, உள்ள ஊறினது திரும்ப வெளிய வரும். உங்கட லைனிங் ஒட்டினது. பிறேக் ஒயில் அந்தப் பசையையும் இளக்கும். லைனிங் கழண்டு ட்ரம்முக்குள்ள சிக்கினால் சில்லு இறுகிடும். இடது மட்டும் மாத்தாமல் முன் ரெண்டு பக்கமும் சேத்து மாத்துங்கோ, பின்னுக்கும் அதே மாதிரி. இல்லாட்டி இழுவை நிக்காது.

—

சுன்னாகம்_மைனர்:

மிக்க நன்றி அண்ணை. பாத்தாச்சு. பின் வலதில வந்தது தண்ணியோட கலக்குது, மணமும் இல்லை, பிறேக் ஒயில்தான். முன் இடதில கீழ்ச் சிலிண்டரின் தூசி றப்பருக்குள்ள ஒயில் நிறைஞ்சு நிக்குது. பிஸ்டனை எடுத்துப் பாத்தால் சிலிண்டரின் அடிப்பக்கச் சுவரில பழுப்பாய் ஒரு பட்டி, அதில ஊசிக் குத்து மாதிரிக் குழிகள். நகத்தை இழுத்தால் தட்டுது. மைக்ராம் அட்ஜஸ்டர் ரெண்டும் அசையேல்லை, நீங்கள் சொன்ன மாதிரியே.

இதை ஹோன் பண்ணி, அதாவது சுத்துற கல்லால உள்சுவரைத் தேய்ச்சு எடுக்கலாமா? புதுச் சாமான் இங்க கிடைக்காவிட்டால் உள்ளுக்கு ஒரு உறை, ஸ்லீவ், அடிக்கலாம் எண்டு ஒருவர் சொல்லுறார்.

—

அச்சுவேலி_பட்டறை:

நகம் தட்டினால் ஹோன் வேண்டாம். ஹோன் கல்லு பழுப்பு நிறத்தையும் மெல்லிய கீறலையும் எடுக்கத்தான். குழியின் அடிமட்டம் வரைக்கும் சுவரைத் தேய்ச்சால் சிலிண்டர் பெருத்துப் பிஸ்டன் ஆடும். பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையில 0.1 மில்லிமீற்றருக்கு மேல இடைவெளி வந்தால் அழுத்தத்தில கப்பின் குதிப்பக்கம் அந்த இடுக்குக்குள்ள பிதுங்கி, துண்டு துண்டாய் அறுபடும். இன்னொண்டு, முன் சிலிண்டர் ஒரு பக்கம் மூடினது. ஹோன் கல்லு அடிவரைக்கும் போகாது. குழி இருக்கிறதோ அடியில.

எமரித்தாளை விரலில சுத்தித் தேய்க்கிற பழக்கம் எங்கட ஆக்களிட்ட இருக்கு. அதைச் செய்யாதேங்கோ. நீளப்பாட்டுக்குக் கீறல் விழும், ஒவ்வொரு கீறலும் ஒயில் ஓடுற வாய்க்கால்.

ஸ்லீவ் நல்ல வேலை, செய்யத் தெரிஞ்ச லேத்துக்காரர் இருந்தால். பித்தளையிலயோ கறள் பிடிக்காத உருக்கிலயோ உறை செய்து, சிலிண்டரைப் பெருப்பிச்சு, இறுக்கமாய் அடிச்சு ஏத்தி, கடைசியில உள்விட்டத்தைப் பழைய அளவுக்கே கொண்டுவர வேணும். கேட்டு வாங்க வேண்டியது ரெண்டு விசயம். ஒயில் வாற துளையை உறையிலயும் துளைச்சு, அதின் உள்விளிம்பைப் பிசிர் இல்லாமல் மழுக்க வேணும். பிசிர் நிண்டால் பூட்டிற நேரமே கப் வெட்டுப்படும். மற்றது அளவு. 7/8 அங்குலம் எண்டால் 22.22 மில்லிமீற்றர். 22 எண்டு முழு எண்ணுக்குக் கடைஞ்சு தந்தால் உங்கட பிஸ்டன் இறுகும். மறுபக்கம் 22 மில்லிமீற்றர் கப்பை 7/8 சிலிண்டருக்குள்ள போட்டால், பலமாய் மிதிக்கேக்க பிடிக்கும், கார் சும்மா நிக்கேக்க கசியும்.

புதுச் சிலிண்டர் கிடைச்சால் அதுதான் சுருக்க வழி. இனி வேலைக்கு வருவம்.

முன் பக்கம்: காரை ஜக்கில தூக்கி ஸ்ராண்டில இறக்குங்கோ, ஜக்கை நம்பிக் கீழ போகவேண்டாம். அட்ஜஸ்டரை இடஞ்சுழியாய்த் திருப்பி சூவை உள்ளுக்கு எடுத்தால்தான் ட்ரம் விளிம்பின் தேய்மான மேட்டைத் தாண்டி வரும். ட்ரம்மைப் பிடிக்கிறது ரெண்டு ஸ்குறூ. அவை வராவிட்டால் பலவந்தமாய்த் திருப்பித் தலையைக் கெடுக்காமல், ஸ்குறூ டிரைவரை வைச்சுச் சுத்தியலால ஒரு தட்டுத் தட்டித் திருப்புங்கோ. பழைய லைனிங் தூளில அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம். காத்து அடிச்சு ஊதவேண்டாம், ஈரத்துணியால துடைச்சு எறியுங்கோ.

ஸ்பிரிங் எந்தத் துளையில கொழுவியிருக்கு எண்டு போன்ல ஒரு படம் எடுங்கோ. ஒரு பக்கத்தை முடிச்சுப்போட்டு மறுபக்கம் தொடுங்கோ, பாத்துப் பூட்ட மாதிரிக்கு மற்றப் பக்கம் இருக்கும். ஒவ்வொரு சூவின் ஒரு நுனி பிஸ்டனிலயும், மறு நுனி மற்றச் சிலிண்டரின் மூடின பக்கத்திலயும் தாங்கி நிக்கும். பிஸ்டன் பக்க நுனியிலதான் மைக்ராம் இருக்கு: நத்தை ஓடு மாதிரி வளைஞ்ச, விளிம்பில வெட்டு வெட்டாய் உள்ள ஒரு சின்னத் துண்டு, அதுக்கு மேல ஒரு தகட்டு மூடி. இறுகினதைக் கழட்டி, கம்பித் தூரிகையால தேய்ச்சு, வெப்பம் தாங்குற பிறேக் கிறீஸ் ஒரு பொட்டு வைச்சுக் கையால திருப்பக்கூடிய அளவுக்குக் கொண்டுவாங்கோ. இதைச் செய்யாமல் புதுச் சிலிண்டர் போட்டால் இன்னும் சில வருசத்தில இதே கேள்வியோட வருவீங்கள்.

ஹோஸைக் கழட்டிறதுக்கு ஒழுங்கு இருக்கு. முதலில பொடிப் பக்கத்தில இரும்புப் பைப்பின் யூனியன் நட், பிறகு ஹோஸைப் பிடிச்சிருக்கிற லொக் நட், கடைசியாய் சிலிண்டர் பக்கம். மாறிச் செய்தால் ஹோஸ் முறுகி உள்றப்பர் கிழியும். வெளியால ஒண்டும் தெரியாது. திரும்பப் பூட்டேக்க செப்பு வோசர் கட்டாயம் புதுசு. சிலிண்டரைப் பிடிக்கிற போல்ட் பக் பிளேட்டுக்குப் பின்னால. எந்தச் சிலிண்டர் எங்க இருந்தது எண்டு அடையாளம் வையுங்கோ.

பின் பக்கம் கொஞ்சம் வேற. ஒரு சிலிண்டர்தான், அது பக் பிளேட்டின் நீள் துளையில நகரும். பிஸ்டன் ஒரு சூவைத் தள்ள, சிலிண்டரின் உடம்பு எதிர்ப்பக்கம் நகர்ந்து மற்றச் சூவைத் தள்ளுது. துளையில கறள் பிடிச்சு நகராவிட்டால் ஒரு சூ மட்டும் வேலை செய்யும், அது மட்டும் தேயும். கழட்ட, சூ ரெண்டையும் எடுத்து, ஹாண்ட் பிறேக் கேபிளை விலக்கி, பிறேக் பைப்பையும் கழட்டி, பிஸ்டனைத் தூசி றப்பரோட எடுங்கோ. ஹாண்ட் பிறேக் லீவரை அதின் தோள் பக் பிளேட்டை விட்டு விலகும் வரைக்கும் திருப்பி, சிலிண்டரை முன்னுக்கு நகர்த்துங்கோ. முன் நுனியை மையமாய் வைச்சுச் சரிச்சால் பின் நுனி துளையால வெளிய வரும். பிறகு பின்னுக்கு இழுத்தால் முழுசும் கையில. பூட்டினாப் பிறகு விரலால தள்ள நகர வேணும்.

உள்ள பூட்டிற எல்லாத்துக்கும் புதுப் பிறேக் ஒயில் அல்லது சிவப்பு றப்பர் கிறீஸ் மட்டும். கப்பின் வாய் ஒயில் வாற பக்கம் பாக்க வேணும். முன் சிலிண்டரில அடியில ஸ்பிரிங், அதுக்கு மேல கப்புக்குள்ள இருக்கிற தாங்கி, பிறகு கப், பிறகு பிஸ்டன்.

கடைசியாய் ஒண்டு: மண்ணெண்ணெய். தொண்ணூறுகளில பெற்றோல் தடையில எங்கட ஊர்க் கார்களையே மண்ணெண்ணெயில ஓட்டினாங்கள், சாமான் கழுவுறதும் அதிலதான். அந்தப் பழக்கம் இன்னும் போகேல்லை. பிறேக் றப்பருக்கு மண்ணெண்ணெய், பெற்றோல், எஞ்சின் ஒயில், சாதாரண கிறீஸ் எல்லாம் நஞ்சு. றப்பர் ஊதிப் பெருத்து மெதுமெதுக்கும், பிஸ்டன் திரும்பி வராது. சிலிண்டரை ஸ்பிரிட்டில கழுவிக் காயவிடுங்கோ.

—

ஈஸ்ட்ஹாம்_ட்ராவலர்:

மேலே சொன்ன எல்லாவற்றோடும் உடன்படுகிறேன். இங்கே லண்டனிலிருந்து சாமான் எடுப்பிக்கிறவர்களுக்குச் சில குறிப்புகள்.

ஓர்டர் கொடுக்க முதல் உங்கள் ட்ரம்மின் விட்டத்தை அளவுங்கள். 1098 வந்த 1962 கடைசியிலிருந்து முன் ட்ரம் 8 அங்குலம், அதற்கு முந்திய 948 சிசி காருக்கு 7 அங்குலம். பின்னுக்கு எல்லாவற்றிலும் 7. ஆனால் இலங்கையில் ஓடுகிற மைனர்களில் அச்சும் எஞ்சினும் மாறி மாறிப் பூட்டியிருப்பது சாதாரணம். வருடத்தை மட்டும் சொல்லி வாங்கினால் பிழையான சாமான் வரும். பழைய சிலிண்டரின் உள்விட்டத்தையும் அளந்து அதே அளவையே வாங்குங்கள். ¾ அங்குலம் இருந்த இடத்தில் ⅞ போட்டால் பிஸ்டனின் பரப்பு 36 சதவீதம் கூடுகிறது. பின்னுக்கு அப்படிப் போட்டால் மழை றோட்டில் பின் சில்லு முதலில் இறுகி, கார் சுழலும்.

பைப் யூனியன் எல்லாம் 3/8 அங்குல யூஎன்எஃப் (அங்குல அளவுப் புரி வகை), அங்குலத்துக்கு 24 புரி. கடைகளில் இலகுவாகக் கிடைப்பது 10 மில்லிமீற்றர், 1 மில்லிமீற்றர் புரி. இரண்டும் பார்வைக்கு ஒன்று. மாற்றி ஏற்றினால் ஒரு சுற்றுப் போகும், பிறகு இறுகும், அதற்குமேல் ஸ்பனர் போட்டால் புதுச் சிலிண்டரின் புரி அழிந்துவிடும். எப்போதும் கையால் மூன்று நான்கு சுற்றுப் போன பிறகுதான் ஸ்பனர். அதுவும் நட்டைச் சுற்றிப் பிடிக்கிற பைப் ஸ்பனராக இருக்கட்டும், சாதாரண ஸ்பனர் மூலையை உருட்டிவிடும்.

இரண்டு முன் சிலிண்டரையும் இணைக்கிற அந்தச் சின்னப் பைப், அறுபது வருடக் கறளில் நட்டோடு சேர்ந்து முறுகத்தான் செய்யும். அதைக் காப்பாற்ற மெனக்கெட வேண்டாம், செப்பும் நிக்கலும் கலந்த 3/16 பைப்பில் புதிதாக வளைத்துச் செய்யுங்கள். கடற்கரை உப்புக்காற்றுக்கு அது இரும்பை விட நீண்ட நாள் நிற்கும். வெறும் செப்புப் பைப் வேண்டாம், அதிர்வில் இறுகி வெடிக்கும். நுனியின் விரிப்பைப் பழைய பைப்பின் நுனியைப் பார்த்து அதே வடிவத்தில் செய்ய வேண்டும்.

—

மன்னார்_சோமர்செற்:

ஒயில் ஈரம் இழுக்கிறதுதான் கறளுக்குக் காரணம் எண்டால் டொட் 5 எண்ட தரத்துச் சிலிக்கன் பிறேக் ஒயில் விடலாமே? அது ஈரம் இழுக்காது, பெயின்ற்றையும் கெடுக்காது.

—

ஈஸ்ட்ஹாம்_ட்ராவலர்:

விடலாம், ஆனால் எல்லா றப்பரும் ஹோஸும் புதிதாகி, பைப்புகள் முழுதாகக் கழுவிக் காய்ந்த பிறகு மட்டும். டொட் 3, டொட் 4 ஒயிலோடு அது கலக்காது. அது ஈரத்தை இழுக்காதது உண்மை. ஆனால் உள்ளே புகுந்த தண்ணீர் கரையாமல் துளியாகவே இறங்கி, சிலிண்டரின் அடியில் போய் நிற்கும். சிறு காற்றுக் குமிழிகளையும் பிடித்து வைத்திருக்கும், பெடல் இறுக நாளெடுக்கும். மழைக்காலத்திலும் ஓடுகிற காருக்கு டொட் 4 விட்டு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவதுதான் என் தெரிவு. புது டொட் 4 குறைந்தது 230 பாகை செல்சியசில் கொதிக்கும், ஈரம் ஏறிய ஒயிலுக்குத் தரம் கேட்கிற குறைந்த கொதிநிலை 155. மாற்றுவதற்கு அதுவே போதிய காரணம். டொட் 5.1 என்பது வேறு, அது சிலிக்கன் இல்லை. பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம்.

—

சுன்னாகம்_மைனர்:

முன்னுக்கு நாலு, பின்னுக்கு ரெண்டு, ஆறு சிலிண்டரும் புதுசாய் எடுக்கிறன். ஹோஸும் சேத்து. பைப்புக்குள்ள சிக்கின எயரை எடுக்கிறதில மைனருக்கு எண்டு கவனிக்க வேண்டியது ஏதும் இருக்கா?

—

அச்சுவேலி_பட்டறை:

இருக்கு. எயர் எடுக்க முதல் சூவை அட்ஜஸ்ட் பண்ணுங்கோ. சூ தளர்ந்து கிடந்தால் எவ்வளவு எயர் எடுத்தாலும் பெடல் கீழதான் போகும், நீங்கள் காத்து எண்டு நினைச்சு ஒயிலைக் கொட்டிக்கொண்டு இருப்பீங்கள். ட்ரம்மில இருக்கிற துளையை அட்ஜஸ்டருக்கு நேர கொண்டுவந்து, ட்ரம் இறுகும் வரைக்கும் வலஞ்சுழியாய்த் திருப்பி, ஒரு வெட்டுப் பின்னுக்கு விடுங்கோ. முன் சில்லுக்கு ரெண்டு, பின் சில்லுக்கு ஒண்டு. இடையில பெடலை ஒருக்கா பலமாய் மிதிச்சு, சூ நடுவுக்கு வந்த பிறகு திரும்பப் பாருங்கோ.

பெடல் தள்ளுற மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடியில, தரைக்குக் கீழ. மூடிக்கு மேல இருக்கிற மண்ணை முழுக்கத் துடைச்சுப்போட்டுத் திறவுங்கோ, ஒரு மணல் உள்ள விழுந்தாலும் அது கப்புக்குக் கீழதான் போகும். மூடியில இருக்கிற காத்துத் துளை அடைபட்டிருந்தால் ஊசியால குத்தி எடுங்கோ. தொட்டி சின்னது, எயர் எடுக்கேக்க அடிக்கடி பாத்து நிரப்ப வேணும். ஒயில் ஒரு லீற்றர் வாங்கி வையுங்கோ, பழசை முழுக்கத் தள்ளி எடுக்க அவ்வளவு வேணும்.

வலக்கைப் பக்கம் ஓட்டுற காரில மாஸ்டர் வலப்பக்கம். ஆனபடியால் தூரமான பின் இடதில தொடங்கி, பின் வலது, முன் இடது, முன் வலது. பெடலுக்குக் கீழ ஒரு மரக்கட்டை வையுங்கோ. அடிமட்டம் வரைக்கும் மிதிச்சால் மாஸ்டரின் றப்பர் இத்தனை காலமும் போகாத கறள் இடத்தில உரஞ்சும். வீல் சிலிண்டர் மாத்தின அடுத்த நாளே மாஸ்டர் போறது இப்படித்தான். பெடலைக் கையால அசைச்சால் தடி பிஸ்டனைத் தொட முதல் ஒரு சின்னத் தளர்வு தெரிய வேணும். தளர்வு இல்லாவிட்டால் ஒயில் தொட்டிக்குத் திரும்பாது, கொஞ்சத் தூரம் ஓட பிறேக் தானாய் இறுகும்.

பாக்கிற முறை: பெடலைப் பலமாய் மிதிச்சு ஒரு நிமிசம் பிடியுங்கோ. மெல்ல மெல்ல இறங்கினால் எங்கயோ கசிவு, அல்லது மாஸ்டர். அது நிண்டாலும் வேலை முடிஞ்சுது எண்டு நினைக்காதேங்கோ. பலமாய் மிதிக்கேக்க அழுத்தமே கப்பின் வாயை விரிச்சுச் சுவரோட ஒட்ட வைக்கும். கசிவு கூடுதலாய் வாறது கார் சும்மா நிக்கேக்க. இரவு நாலு சில்லுக்குக் கீழயும் காஞ்ச கடதாசி விரிச்சு விடுங்கோ. ஒரு கிழமை ஊருக்குள்ள மெதுவாய் ஓடினாப் பிறகு ட்ரம்மைத் திரும்பக் கழட்டி ஒவ்வொரு தூசி றப்பரையும் மடிச்சுப் பாத்து, அட்ஜஸ்டரையும் ஒருக்கா எடுங்கோ. புது லைனிங் படிஞ்சதும் பெடல் கொஞ்சம் இறங்கியிருக்கும். இன்னொண்டு, இப்ப சூவைப் புது லைனிங் ஒட்டக் குடுக்கேக்க பழைய பசையை முழுக்கச் சுரண்டி எடுத்தபிறகுதான் ஒட்டவேணும் எண்டு சொல்லிக் குடுங்கோ.